குளியலறைக் குழாயில் ஓடிய படகு மோட்டார்

ஆஜரானவர்கள்: கணவர். மனைவி. கையில் கடிகாரத்தோடு மனைவியின் அண்ணன். தராசோடு பழைய இரும்புக்காரர். மதிலில் கையூன்றி நான். மரச்சட்டத்தில் தொங்கியபடி, இருபத்தெட்டு வயதான ஒரு படகு மோட்டார். படகு ஆஜராகவில்லை. அதற்கான காரணம் இரண்டாம் பகுதியில்.

1

இந்தக் கதை ஒரு சத்தத்தில் பிறந்தது. ராத்திரி வேலையை விட்டு ஆறு மாதமாகியும் எனக்குப் பகலில்தான் தூக்கம் வரும். அன்று மூன்று மணிக்குப் பக்கத்து வீட்டுக் கொல்லையிலிருந்து யாரோ அந்தத் தூக்கத்தை ரம்பம் போட்டு அறுத்தார்கள். திட்டப் போனேன். திட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். கண்டது பாதி, மீதி என் சரக்கு. எது எது என்று கேட்காதீர்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "கடல் அவரை அழைத்துக்கொண்டே இருந்த—"

அடித்துவிட்டேன். அவரைக் கடல் அழைக்கவில்லை. மனைவிதான் அழைத்துக்கொண்டிருந்தாள், சாப்பாடு ஆறுகிறதென்று.

2

ஐந்து வருடத்துக்கு முன் படகில் ஓட்டை விழுந்தது. கரை தெரியும் தூரம்தான். படகில் இருந்தது அவரும் மனைவியும். தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது அவர் மோட்டாரைக் கழற்றினார், இரண்டு காலிக் கேன்களில் கட்டினார், அதைத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தார். மனைவி தனியாக நீந்தி வந்தாள். படகு வரவில்லை.

"என்னைத் திரும்பிக்கூடப் பாக்கலையே?" என்று கேட்டாள்.

"நீ நீந்துவே. அது நீந்தாதே," என்றார்.

(இப்படி ஒரு மனிதர் இருப்பாரா என்று எனக்கே சந்தேகம். இந்த இடத்தில் அவருக்குக் கொஞ்சம் பயம், கொஞ்சம் பதற்றம் சேர்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் நிஜமாகவே எது நீந்தும் என்றுதான் யோசித்திருக்கிறார்.)

அன்றிலிருந்து மோட்டார் படுக்கையறையில், அவளுடைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஐந்து வருடம் பொறுத்தவள், என் தூக்கம் கெட்ட அன்று இரும்புக்காரரைக் கூப்பிட்டுவிட்டாள். கெஞ்சிக் கூத்தாடிக் கணவர் ஒரு பந்தயம் வாங்கினார். பத்து நிமிடம் நிற்காமல் ஓடினால் மோட்டார் வீட்டில். நின்றால் தராசில்.

3

தண்ணீருக்கு வெளியே படகு மோட்டாரைச் சும்மா ஓட்ட முடியாது. தண்ணீரைத் தள்ளும் விசிறியைக் கணவர் கழற்றிவிட்டார். அடிக்காலில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின்மேல் இருபுறமும் ரப்பர் கிண்ணங்களைக் கவ்வ வைத்தார். அதிலிருந்து ஒரு ஹோஸ், கொல்லையிலேயே இருக்கும் குளியலறையின் ஜன்னல் வழியாக உள்ளே போய்க் குழாயில் மாட்டியிருந்தது. தண்ணீர் ஏறி, இன்ஜினைக் குளிரவைத்து, பின்பக்கம் மெல்லிய தாரையாக வெளியேறும். அதைத் தொழிலில் மூத்திரம் என்பார்கள். மூத்திரம் நின்றால் அரை நிமிடத்தில் உள்ளே தண்ணீரை இறைக்கும் ரப்பர் சக்கரம் கருகிவிடும். அந்தச் சக்கரத்தைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை.

பதினொரு முறை கயிற்றை இழுத்தார், என் தூக்கத்தை அறுத்த அதே ரம்பச் சத்தத்தோடு. இருமல்கூட வரவில்லை.

"மாப்ளே, கயிறு அறுந்தாலும் தோல்விதான்," என்றார் அண்ணன்.

"சோக்கை இழுங்கண்ணே," என்றார் இரும்புக்காரர்.

மனைவி திரும்பினாள். "நீங்க யாரு கட்சி?"

"நான் எடைக் கட்சிக்கா."

பன்னிரண்டாவது இழுப்பில் பிடித்தது. நீலப் புகை. தாரை.

"போகுது! மூத்திரம் போகுது!" கணவர் குதித்தார்.

"புள்ளை பொறந்தப்பக்கூட இந்தக் குதி குதிக்கலை," என்றாள் மனைவி.

4

ஏழாவது நிமிடம். புகையும் எண்ணெய்த் துளியும் அவள் முகமெல்லாம் அப்பியிருந்தன. குளியலறைப் பக்கம் நடந்தாள்.

"எங்கே போறே?" அவர் கத்தினார்.

"குளிக்க."

"குழாயிலே மோட்டார் இருக்கு!"

வாசலில் நின்றாள். "இருக்கறது ஒரே குழாய். இப்போ அது யாருக்கு? நீங்களே சொல்லுங்க."

இங்கே நான் பேனாவை வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அவருக்கு நல்ல வசனமாக நான்கு எழுதினேன். "உனக்குத்தா—" என்று ஒன்று. அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. தாரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், சொன்னார்:

"நீ மூணு நிமிஷம் தாங்குவே. அது தாங்காதே."

அண்ணன் கடிகாரத்தைக் கீழே இறக்கினார். "போச்சு," என்றார்.

5

முடிவு அ: அவள் குழாயைக் கழற்றுகிறாள். தாரை நிற்கிறது. (நியாயம். ஆனால் மதிய நேரத்தில் ரப்பர் கருகும் நாற்றம் எனக்கு வேண்டாம்.)

முடிவு ஆ: வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மூன்று நிமிடம் ஓடும் குழாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். (இதை எழுதினால் அவள் என்னைச் செருப்பால் அடிப்பாள்.)

முடிவு இ: அவரே நிறுத்துபொத்தானை அழுத்தி, மோட்டாரைத் தராசில் வை— (இல்லை. அவர் பேசியதை நான் கேட்டிருக்கிறேன்.)

பத்தாவது நிமிடம் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. ஒரு குழாய், ஒரு தாரை, பொத்தானுக்கு ஒரு அங்குல தூரத்தில் அவர் விரல். எல்லாம் உங்களிடம் இருக்கிறது. வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அந்த வாசலில்தான். அவர் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினாள், கணக்கு சரியாக இருக்கிறது என்பதுபோல. இரும்புக்காரரைப் பார்த்து, "போயிடாதீங்க," என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். மோட்டார் போட்ட அத்தனை சத்தத்திலும் தாழ்ப்பாள் விழுந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.