வால்வுக் குழியின் மூடி

மலாயாவில், குளுவாங்குக்கு வடக்கே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் தண்ணீர் திறந்துவிடும் வேலை சதாசிவத்துடையது. குன்றின் மேல் இருந்த தொட்டியிலிருந்து குழாய் இறங்கி வந்து, தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு முன்னால் ஒரு குழிக்குள் நுழைந்து, அங்கிருந்து வரிசை வரிசையாகப் பிரிந்து போனது. வால்வு அந்தக் குழிக்குள் இருந்தது. 1932ல் குழிக்குக் கான்கிரீட் மூடி போட்டார்கள். மூடியின் நடுவில் சின்னதாக ஓர் ஓட்டை. இடுப்பளவு நீளமுள்ள இரும்புச் சாவியை அதன் வழியே இறக்கி, வால்வின் தலையைப் பிடித்துத் திருக வேண்டும்.

மூடியை வார்த்தவர் டவுனிலிருந்து வந்த கொத்தனார் சின்னத்தம்பி. ஓட்டையை இன்னும் கொஞ்சம் அகலமாக வைக்கும்படி சதாசிவம் அன்றே கேட்டான். செருப்பில்லாத கால்கள் நடக்கிற வழி இது, கால் நுழையாத அளவுக்குத்தான் வைப்பேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

இரண்டு மழைக்காலம் போனது. குழியின் ஒரு பக்கம் மண் இறங்கி, குழாயும் சாய்ந்தது. வால்வின் தலை ஓட்டைக்கு நேராக இல்லாமல் நாலு விரல் தள்ளிப்போய்விட்டது. சாவி சரியாகப் பிடிக்காமல் வழுக்கியது. லயத்துப் பெண்கள் காலி வாளிகளோடு நின்று சத்தம் போட, சதாசிவம் மூடியின் மேல் குப்புறப் படுத்துச் சாவியை ஆட்டிக்கொண்டிருப்பான். மூடியைத் தூக்கி நகர்த்த ஆள் இரண்டு பேர் வேண்டும். அதைப் போய்த் தோட்டத்துக் கணக்கரான கிராணி கனகராஜிடம் கேட்டான். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற ஆளைத் தண்ணீர் வேலைக்குத் தர முடியாது, இருப்பதை வைத்துச் சமாளி என்று கிராணி சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சதாசிவம் கல்லுளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். வால்வு இருந்த பக்கமாக ஓட்டையைக் கொத்திக்கொண்டே போனான். உள்ளே ஒரு கம்பி குறுக்கே வந்தது. அதை அறுத்து, முனையைக் கீழ்நோக்கி வளைத்தான். பொழுது சாய்வதற்குள் ஓட்டைக்குள் அவன் கை முழங்கை வரை தாராளமாகப் போய் வந்தது. மறுநாள் சாவி ஒரே திருகில் பிடித்தது. தண்ணீர் சீக்கிரம் வந்ததில் பெண்களுக்கும் சந்தோஷம்.

ஓட்டையை மூடி வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். குழாயடியில் ஒரு தட்டைக்கல் கிடந்தது. ஆனால் அதை நாளைக்கு இரண்டு தடவை தூக்கி வைப்பது பாடு. பழைய பலகைத் துண்டு ஒன்றைப் போட்டான். அதைக் காலாலேயே தள்ளிவிடலாம்.

மூன்று மாதம் ஒன்றும் ஆகவில்லை. நவம்பரில் ஒரு நாள் காலை பத்து மணிக்கே மழை கொட்டியது. பால் மழையில் கெட்டுப்போகும் முன் வெட்டுக்காரர்கள் வாளிகளோடு ஓடி வந்தார்கள். லயத்து முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதில் பலகை மிதந்து எங்கோ போய்விட்டது. தோளில் காண்டாக் கம்பும் இரு முனையிலும் பால் வாளியுமாக வந்த கிருஷ்ணம்மாவின் வலது கால் நேராக ஓட்டைக்குள் இறங்கியது. பாரத்தோடு உடம்பு முன்னால் சாய்ந்தது. எலும்பு முறிந்த சத்தம் மழையிலும் கேட்டதாக, பின்னால் வந்த வெள்ளையம்மா சொன்னாள். பால் மழைத்தண்ணீரில் வெள்ளையாகப் பரவியது. கீழே வளைத்துவிட்ட கம்பி கெண்டைக்கால் சதையைக் கிழித்திருந்தது. காலை வெளியே எடுத்தவர்களில் சதாசிவமும் ஒருவன்.

மறுநாள் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை வந்து பார்த்தார். மூடி இடிந்திருக்கிறது, கொத்தனார் மணலை அதிகமாகக் கலந்திருக்கிறான் என்று கிராணி விளக்கினார். தொரை சதாசிவத்தின் பக்கம் திரும்பி, எப்போதிருந்து இப்படி என்று கேட்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா உதிர்ந்துச்சுங்கையா" என்றான் சதாசிவம்.

தயங்காமல் வந்த பொய். சின்னத்தம்பியைக் கூப்பிட்டு மூடியைக் காட்டினார்கள். அவர் குனிந்து ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். நிமிர்ந்து சதாசிவத்தை ஒரு தடவை பார்த்தார். விரலில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுக் காத்து நின்றார். இனித் தோட்டத்து வேலைக்கு வர வேண்டாம் என்று கிராணி சொல்லி அனுப்பினார்.

கிருஷ்ணம்மா இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கால் கோணலாகக் கூடியது. மேட்டுக்காட்டில் ஏறிப் பால் வெட்ட இனி முடியாது என்று, பால் சேர்க்கும் கொட்டாயில் உட்கார்ந்து, மரத்தில் உறைந்துபோன ஒட்டுப்பாலைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்தார்கள். அவள் புருஷன் முன்பே இறந்துவிட்டான். அவள் வீட்டுத் தண்ணீரைச் சதாசிவமே தினமும் சுமந்து கொண்டுவந்து வைத்தான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

அதுவே அவனை வதைத்தது. அவள் ஒவ்வொரு நாளும் அவனை வாழ்த்தினாள். கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள். ஒரு நாள் அந்தக் கோணல் காலை நீட்டி எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள்:

"மணலக் கலந்து ஏமாத்துனானே, அவன் கை வெளங்குமாண்ணே?"

சதாசிவம் வாளியை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு நடந்தான். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓரத்தைப் பூசிக்கொண்டிருந்தார் சின்னத்தம்பி. தோட்டத்தில் வந்த கெட்ட பெயரால் வேறு தோட்டங்களும் அவரைக் கூப்பிடுவதில்லை. சதாசிவம் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, ஓட்டையைப் பெரிதாக்கியது நான்தான் என்றான்.

"தெரியும்" என்றார் அவர். பூசுவதை நிறுத்தவில்லை. "ஓரத்துல உளித்தடம் இருந்துச்சு. உதிர்ந்த கான்கிரீட்டு அப்படியா இருக்கும்?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, மேஸ்திரி."

"நான் சொன்னா, தப்பிக்கப் பாக்குறான்னுவாங்க. நீ வாயத் திறப்பேன்னு நின்னேன். நீ திறக்கல." கரண்டியைச் சட்டியில் வைத்தார். "எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போவுது? அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் விடியற்காலை, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், பேர் கூப்பிட்டு முடிந்ததும், சதாசிவம் வரிசையை விட்டு முன்னால் போனான். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். ஆள் கேட்டது, கிடைக்காதது, உளி, கம்பி, பலகை, கடைசியாகப் பொய். ஆள் தர மறுத்த கதையும் வெளியே வந்ததில் கிராணிக்குக் கோபம் பொங்கியது. அவனைத் தண்ணீர் வேலையிலிருந்து எடுத்து வடிகால் வெட்டும் கூட்டத்துக்கு அனுப்பினார். சின்னத்தம்பிக்கு ஆள் போனது. அவர் வந்து புது மூடியை இரண்டு பாதியாக வார்த்தார், ஓர் ஆளே தூக்கிவிடலாம். வந்த மூன்று நாளும் அவர் சதாசிவத்தோடு பேசவில்லை.

பெரட்டு முடிந்த அன்று சாயங்காலம் அவன் கிருஷ்ணம்மா வீட்டுக்குப் போனான். அவளுக்குச் செய்தி எட்டியிருந்தது. அவன் கொண்டுபோன வாளியை அவள் தொடவில்லை.

"ஓட்ட போட்டதக்கூட மறந்துருவேன்" என்றாள். "தெனமும் தண்ணி கொண்டாந்து வச்சீங்களே, என் வாயால நல்லவர்னு சொல்ல வச்சீங்களே. ஒரு பாவமும் அறியாதவன் கைய நான் சபிச்சேன், நீங்க கேட்டுக்கிட்டு நின்னீங்க. அதத்தான் பொறுக்க முடியல."

மன்னிப்புக் கேட்கத்தான் அவன் போயிருந்தான். வாளியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். அன்றிலிருந்து வெள்ளையம்மா அவளுக்குத் தண்ணீர் எடுத்தாள்.

அடுத்த மழைக்காலத்தில், கொட்டாய்க்குப் போகும் சரிவில் அவன் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தான். கிருஷ்ணம்மா கம்பை ஊன்றிச் சேற்றில் ஏறி வந்தாள். பாதி வழியில் கோணல் கால் வழுக்கி, முழங்காலில் விழுந்தாள். சதாசிவம் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கை நீட்டினான்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம். நானே எந்திரிச்சுக்குறேன்" என்றாள்.

எழுந்திருக்க அவளுக்கு நேரம் பிடித்தது. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, அவள் மேட்டில் ஏறிக் கொட்டாய்க்குள் நுழையும் வரை அவன் அங்கேயே நின்றான்.