ஓட்டிப் பார்த்தீர்களா?

முளைவிட்ட நெல்லை ஒரு பிடி அள்ளிவந்து கலைச்செல்வியின் மேசையில், லேப்டாப்புக்குப் பக்கத்திலேயே கொட்டினார் அவளைப் பெற்ற நைனா கலியபெருமாள். தொண்டூரிலிருந்து செஞ்சிக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். கோபத்தில் உட்காரக்கூட இல்லை.

"ரெண்டு நாளு மண்டி வாசல்ல மழையில கெடந்துச்சி. என் டோக்கனு கேன்சலாம். ஏன்டான்னா கம்ப்யூட்டரு சொல்லுதாம். நீயும் அந்த வேலதான பாக்குற? இன்னான்னு கேளு."

மண்டிக்குச் செயலி செய்துகொடுத்த அறிவுமதிக்கு போன் போட்டு, எடுத்த எடுப்பிலேயே கத்தினாள். அவன் பதறிப்போய்ப் பார்த்துச் சொன்னான். பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் ஒன்றாக இருந்தால், ஒரே ஆள் இரண்டு முறை பதிந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டு இரண்டாவது டோக்கனை அடித்துவிடுகிறதாம் அதிலிருக்கும் மாட்யூல் என்ற நிரல்துண்டு. தொண்டூரில் கோ. கலியபெருமாள் மட்டும் ஏழு பேர்! தெருவில் நின்று அந்தப் பேரைக் கூப்பிட்டால் நாலு கதவு திறக்கும். இதுகூடத் தெரியாமல் எந்த மகானுபாவன் எழுதினான்?

இளவரசன். அவளோடு காலேஜில் படித்தவன், செஞ்சியிலேயே பிறந்து வளர்ந்தவன். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் நாற்பது பேர் சேர்ந்து ஒரு பொதுத்தளம் நடத்துகிறார்கள். ஒருவர் எழுதிவைத்த மாட்யூலை மற்றவர் எடுத்துத் தன் செயலியில் பொருத்திக்கொள்ளலாம். அங்கேதான் வைத்திருந்தான்.

"எடுக்கறதுக்கு முன்னாடி பாக்க மாட்டியாடா?"

"பாத்தங்க்கா. முப்பத்தெட்டு பேரு அஞ்சு ஸ்டார் போட்டிருக்காங்க. மொத ஆளே நீங்கதான். 'அருமை, நம்பி எடுக்கலாம்'னு எழுதியிருக்கீங்களேக்கா."

கலைச்செல்விக்குச் செருப்பால் அடித்தது மாதிரி இருந்தது. அது மொய்தான், வேறென்ன? அவள் மாட்யூலுக்கு இளவரசன் அஞ்சு போட்டான், அவள் திருப்பிச் செய்தாள். திண்டிவனம் பஸ்ஸில் வரும்போது கட்டைவிரலால் தட்டிவிட்டது. அதை ஒரு தடவைகூடத் தன் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கவில்லை.

தளத்தின் மதிப்புரைப் பகுதியை மாற்றியமைக்கும் பொறுப்பும் அவளுடையதுதான். மூன்று மாதமாக நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தாள். இப்போது வெறி பிடித்தவள்போல உட்கார்ந்தாள். முதலில் ஸ்டாரைத் தூக்கிக் கடாசினாள். எந்தப் பதிப்பை எடுத்தீர்கள், எந்த வேலைக்கு, எங்கே இடித்தது என்று கேள்விகள் வைத்தாள். குறையைச் சரிசெய்துவிட்டால், சரியாகிவிட்டது என்று எழுதியவன் சொல்லக்கூடாது. புகார் கொடுத்தவரே சொல்லவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி: ஓட்டிப் பார்த்தீர்களா? இல்லை என்பவரின் பாராட்டு எண்ணிக்கையில் சேராது. ஆனால் பெயரோடு எல்லோருக்கும் தெரியும். பழைய மதிப்புரைகளுக்கும் இதே சட்டம்.

புது ஏற்பாட்டைத் தளத்தின் குழுவில் போட்டதும் இளவரசன் போனில் கூப்பிட்டான்.

"மண்டி விசயம் கேள்விப்பட்டேன். தப்புதான், இன்னிக்கே சரி பண்ணிடறேன். ஆனா பழச எதுக்கு கெளர்ற? நம்ம பசங்க மானம் போயிடும் கலை."

"எங்க நைனாவோட நெல்லே போச்சிடா! உம்மானமும் எம்மானமும் எந்த மூலைக்கு?"

"அப்ப நீ மொதல்ல சொல்லு. ஓட்டிப் பாத்தியா?"

போனை வைத்துவிட்டாள். அவன் மேல் எரிந்த எரிச்சல் போகப் போக இடம் மாறி அவள் நெஞ்சுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. இளவரசனின் பக்கத்தைத் திறந்தாள். முப்பத்தெட்டுப் பெயர்கள். முதல் பெயருக்கு நேரே புதுக்கேள்வி பதிலுக்குக் காத்திருந்தது. தட்டினாள்.

நைனா ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"யாரோ நல்லாருக்குதுன்னு சொல்லப்போயிதான் அந்தப் புள்ள அத்த எடுத்தானாமே, பேசிக்கினியே. யாரும்மா அந்த மவராசன்?"

கலைச்செல்வி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திரையில் விரலை வைத்து, எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினார்.

"ஓட்டிப்... பார்த்தீர்களா... இல்லை." விரல் பெயருக்கு நகர்ந்தது. "க... கலை..."

நைனா விரலை எடுக்கவும் இல்லை, அவள் பக்கம் திரும்பவும் இல்லை.