ஒற்றை இட்லி

பூமியின் தென்பாதியில் இருக்கும் ட்ருகனினாவில் ஜூலை மாதம்தான் கடுங்குளிர்; சூரியன் வருவதே பெரிய உபகாரம். வந்தாலும் சம்பளமில்லாத வேலைக்கு வந்ததுபோல் எட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்கே மூட்டை கட்டிவிடும்.

கலாவின் மூளையும் அதோடு சேர்ந்து கிளம்பிவிட்டது. போன வாரம் டிவி ரிமோட்டை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, அதைத் தொலைத்ததாகக் கணவன் பிரசன்னாவோடு சண்டை வேறு போட்டாள். வேலையும் வீட்டிலிருந்தேதான், அது முடிந்ததும் போர்வைக்குள். வாய்விட்டுப் பேச ஒரு சிநேகிதி இல்லையே என்பதுதான் அவளுடைய பெரிய ஏக்கம்.

அதனால்தான் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த யாழ்ப்பாணத்து யோகாவை ஞாயிறு காலை இட்லிக்குக் கூப்பிட்டிருந்தாள். இந்த ஒரு காரியமாவது உருப்படியாக நடக்க வேண்டும்.

இந்தக் குளிரில் மாவு தானாகப் பொங்காது. இங்கே எல்லோரும் செய்வதுபோல, மாவுக் குண்டானை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு வைத்தாள். காலையில் பார்த்தால், மாவும் அவளைப் போலவே சோம்பிக் கிடந்தது. கொஞ்சம் சூடு காட்டலாம் என்று ஓவனைத் திருகிவிட்டு, ஐந்தே நிமிடம் என்று சோபாவில் போர்வைக்குள் நுழைந்தாள்.

அழைப்பு மணிதான் அவளை எழுப்பியது.

வீடு முழுக்கக் கருகல் வாசனை. கதவைத் திறந்துவிட்டு, வாங்க என்றுகூடச் சொல்லாமல் சமையலறைக்கு ஓடினாள். குண்டானுக்குள் ஒரே ஒரு இட்லி. குண்டான் அளவுக்கு, மேலே கறுத்த ஓடு கட்டி. கலாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"மன்னிச்சுக்கங்கக்கா. குளிர் வந்தா எனக்கு ஒண்ணுமே ஓட மாட்டேங்குது."

பின்னாலேயே வந்த யோகா குண்டானை எட்டிப் பார்த்தாள். "ஐயோ கலா, என்ர கோலத்தைப் பாருங்கோவன்" என்று வாசலைக் காட்டினாள். அங்கே அவள் கழற்றியிருந்த இரண்டு ஷூக்களில், அவள் பாஷையில் சப்பாத்துகளில், ஒன்று அவளுடையது. மற்றது அவள் கணவர் கணேசலிங்கத்தினுடையது, படகு மாதிரி. "றோட்டைக் கடந்த பிறகுதான் கண்டனான்."

இருவரும் சிரித்த சிரிப்பில் பிரசன்னா எழுந்து வந்துவிட்டான். ரொட்டிக் கத்தியால் கறுத்த ஓட்டைச் சீவிவிட்டு இட்லியைத் துண்டு போட்டார்கள். மீதியைச் சாம்பார் சமாளித்தது.

"அடுத்த ஞாயிறு எங்கட வீட்டை வாங்கோ. மறந்திடாதேங்கோ. போட்டு வாறன்" என்று யோகா கிளம்பினாள்.

சற்றுப் பொறுத்துக் கலா வாசலுக்கு வந்தாள். அந்தப் படகுச் சப்பாத்து அங்கேயே கிடந்தது. கலாவின் செருப்பில் ஒன்றைக் காணவில்லை. சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒற்றைச் செருப்போடு, அந்தக் குளிரில் எதிர்வீட்டுக்கு நடந்தாள். அடுத்த ஞாயிறுவரை காத்திருக்க வேண்டாம் என்பதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.