இரண்டடி தள்ளி நின்ற தூண்

தோஹா தொழில்பேட்டையில் விழா மேடைகள் அமைத்துத் தரும் கம்பெனி ஒன்றில் அம்மையப்பன் தச்சனாக இருந்தான். புதுக்கோட்டைச் சீமை, ஆலங்குடிக்காரன். வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. கல்யாணம், கார் விற்பனை, அத்தர் கடைத் திறப்பு என்று அவன் எழுப்பிப் பிரித்த மேடைகள் எத்தனையோ. எதுவும் அவன் மனசில் தங்கியதில்லை. 2007 பிப்ரவரியில் ஜப்பான்காரர்களுக்காகப் போட்ட மேடைதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் நோ என்ற பழைய நாடகம் ஆடுகிறவர்கள். அறுநூறு வருஷத்துக்கு மேல் அப்பன் பிள்ளை என்று கைமாறி வந்த ஆட்டம். ஒரு பெரிய ஹோட்டல் அரங்கில் ஒரே ஒரு காட்சி. அதற்காக மேடைப் பலகைகளை ஜப்பானிலிருந்தே பெட்டிகளில் கொண்டுவந்திருந்தார்கள். எலுமிச்சம்பழ வாசனை கலந்த, ஒரு முடிச்சுகூட இல்லாத மரம். பலகையைத் தடவிப் பார்த்த அம்மையப்பன் கையை எடுக்க மனசில்லாமல் நின்றான்.

மேடைக்குப் பொறுப்பு நிஷிமுரா என்கிற பெரியவர். எழுபது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. எட்டு வயதிலேயே மேடை ஏறிய ஆட்டக்காரராம். மேடையில் ஏறுகிற யாரும், ஆசாரியே ஆனாலும், வெள்ளைக் காலுறை போடாமல் ஏறக்கூடாது என்றார். அவர் ஜப்பானிய மொழியில் சொல்வதை யோஷிகோ என்ற பெண் ஆங்கிலத்தில் சொல்வாள். அதைக் கம்பெனி ஆபீசில் வேலை பார்க்கும் யாழ்ப்பாணத்துப் பையன் வினோஜன் தமிழில் சொல்வான். இப்படி மூன்று வாய் தாண்டித்தான் அம்மையப்பனுக்கு எந்த வார்த்தையும் வந்து சேரும்.

பதினெட்டடிச் சதுர மேடை. தரையிலிருந்து மூன்றடி உயரம். நான்கு மூலையிலும் நான்கு தூண்கள். இடப்பக்கம் பின்னால் நடிகர் நடந்து வர நீளமாக ஒரு பாலம். முன்திரை கிடையாது, காட்சி மாற்றம் கிடையாது. தூண்களை நிறுத்தும்போது முன்பக்க இடது மூலைத் தூணை மட்டும் நிஷிமுரா மூன்று தடவை அளந்தார். "ஏன் இதுக்கு மட்டும் இம்புட்டு?" என்று அம்மையப்பன் கேட்டான்.

கேள்வி மூன்று வாய் தாண்டிப் போனது.  பெரியவர் ஒரு அட்டையை எடுத்து, புளியங்கொட்டை அளவில் இரண்டு ஓட்டைகள் போட்டு, அம்மையப்பன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, நட என்று கை காட்டினார். நடந்தான். காலுக்குக் கீழே இருக்கும் தரை தெரியவில்லை. விளிம்பு தெரியவில்லை. எதிரே தூரத்தில் அந்த ஒற்றைத் தூண் மட்டும் தெரிந்தது. முகமூடி போட்ட நடிகருக்கும் அவ்வளவுதான் தெரியுமாம். அடிகளை எண்ணிக்கொண்டு, அந்தத் தூணைப் பார்த்துத்தான் விளிம்பு எங்கே என்று அறிந்துகொள்வாராம்.

"கண்ணை நிறுத்துற தூண் எண்டு அதுக்குப் பேராம் அண்ணை," என்றான் வினோஜன்.

முதல் நாள் ஒத்திகை நடந்தது. முக்கிய நடிகர் தொகாஷிக்கு ஐம்பது வயதிருக்கும். முகமூடி போட்டுக்கொண்டு, குதிகால் தரையை விட்டு எழாமல் வழுக்கிக்கொண்டு வந்தார். தூணருகே, விளிம்புக்கு ஒரு முழம் முன்னால், அளந்தது போல நின்று திரும்பினார். அம்மையப்பன் தன் மேடையை முதல் தடவையாக ஒரு ஆட்டக்காரனின் காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தான். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம் காட்சி. மூன்று மணிக்கு விழாவை நடத்துகிறவர்களின் மேனேஜர் வந்து முன்வரிசைச் சோபாவில் உட்கார்ந்து பார்த்தார். தலைமை விருந்தாளி உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தத் தூண் மேடையின் நடுவை மறைத்தது. மேனேஜர் போர்மேன் கலீலுர் ரஹ்மானைக் கூப்பிட்டு ஏதோ சொல்லிவிட்டுப் போனார். கலீல் பாய் கீழக்கரைக்காரர். அம்மையப்பனுக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரே அவர்தான்.

"ஆசாரி, அந்தத் தூணை இடப்பக்கமா ரெண்டடி தள்ளிப் போட்ரு."

"மேடைக்கு வெளியேல்ல போவும், பாய்?"

"போகட்டும். கீழே பெட்டியை வச்சு அது மேல நிறுத்து. கறுப்புத் துணி சுத்திட்டாத் தெரியாது."

"அந்த ஆளுங்க கண்ணே அதுதான் பாய். பெரியவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருவோம்."

"அவங்க வேஷம் கட்டப் போயாச்சு. நேத்தே ஒத்திகை பாத்தாச்சுல்ல, தெரியாமலா ஆடப் போறாங்க? மேல இருந்து வந்த ஆர்டர். யல்லா, சீக்கிரம்."

அம்மையப்பன் தள்ளி நிறுத்தினான். ரசமட்டம் வைத்து நேர் பார்த்தான். வேலை சுத்தமாக இருந்தது. முடித்ததும் மனசு கேட்காமல் வெள்ளைக் காலுறையை மாட்டிக்கொண்டு பாலத்தின் கோடிக்குப் போனான். அங்கே ஐந்து வண்ணத் திரை ஒன்று தொங்கியது. அதன் ஓரமாகப் பார்த்தான். தொகாஷி பட்டும் சரிகையுமாக ஒரு பெரிய கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தன் முகத்துக்கு வந்துவிட்ட பெண் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நிஷிமுரா பின்னால் மண்டியிட்டு முகமூடியின் நாடாவைச் சரி செய்துகொண்டிருந்தார். மூச்சுச் சத்தம்கூட இல்லை. யோஷிகோவும் இல்லை, வினோஜனும் இல்லை. எந்த மொழியில் சொல்வது? கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டியிருக்கலாம். அது அப்போதே அவனுக்குத் தோன்றியது. தோன்றியும், பூசை நேரத்தில் கருவறைக்குள் செருப்போடு நுழைகிற கூச்சம் வந்து திரும்பிவிட்டான்.

ஆட்டம் தொடங்கியது. செத்துப்போன ஒரு பெண் தான் வாழ்ந்த ஊரைத் தேடி வருகிற கதை என்று வினோஜன் சொல்லியிருந்தான். வலப்பக்கம் எட்டுப் பேர் உட்கார்ந்து பாடினார்கள். பின்னால் ஒரு குழலும் மத்தளங்களும். நிஷிமுரா கறுப்பு உடுப்பில் மேடையின் பின்மூலையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அம்மையப்பன் பக்கவாட்டில் நின்று தொகாஷியின் கால்களை மட்டும் பார்த்தான். ஒவ்வொரு தடவை அவர் முன்னால் வரும்போதும் இவன் விளிம்புக்கு மிச்சமிருந்த அடிகளை எண்ணினான். இரண்டு தடவை வந்து திரும்பினார். மூன்றாம் தடவை அந்தப் பெண் தன் வீடு இருந்த இடத்தைக் காண்கிறாள் போல. விசிறியை நீட்டியபடி தூணை நோக்கி வேகமாக வந்தார். விளிம்பு வந்தது. தூண் இன்னும் தள்ளி இருந்தது. அவர் தூணை நம்பினார்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. கனத்த பட்டு மூட்டை சரிந்தாற்போல இருந்தது. பாட்டு நிற்கவில்லை. மத்தளம் நிற்கவில்லை. பின்மூலையில் இருந்த நிஷிமுரா எழுந்தார். நடிகர் விழுந்தால் எழுந்து ஆடி முடிப்பதற்குத்தான் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார் என்பது அம்மையப்பனுக்கு அப்புறம்தான் தெரிந்தது. முகமூடி இல்லை, பட்டு இல்லை. எழுபது வயசுக் கிழவர் தன் சுருக்கம் விழுந்த முகத்தோடு, தொகாஷி விட்ட அடியிலிருந்து அந்தப் பெண்ணாக ஆடத் தொடங்கினார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது. ஆட்டமே இப்படித்தான் போலிருக்கிறது என்று பலர் நினைத்தார்கள். முடிந்ததும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

தொகாஷியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. அரங்கம் காலியான நேரம் பார்த்து கலீல் பாய் ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஆசாரி, பழைய இடத்துக்கே கொண்டு போயிரு. அவங்க வந்து பாக்குறதுக்குள்ள."

முதல் தடவையாவது அம்மையப்பன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தான். இப்போது எதுவும் பேசவில்லை. சொல்லப்போனால் பாயைவிட அவன் கைதான் வேகமாக ஓடியது. ஐந்து நிமிஷத்தில் தூண் பழைய இடத்தில் நின்றது. திருகாணியைப் பழைய துளையிலேயே முறுக்கினான். அதன் பிறகு நிஷிமுரா டேப்போடு வந்து அளந்தார். அளவு சரியாக இருந்தது. மறுபடி அளந்தார். அப்புறம் தூண் பக்கத்திலேயே கால் மடக்கி உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் மேடையைப் பிரிப்பதற்கு முன்னால், தொகாஷி ஆஸ்பத்திரியிலிருந்து கையில் கட்டோடு வந்து ஆசாரிகளை எல்லாம் கூப்பிடச் சொன்னார். ஏழு பேரும் வரிசையாக நின்றார்கள். அவர் இடுப்பு வரை குனிந்தார்.

"தான் அடியைப் பிழையா எண்ணிப்போட்டாராம்," என்றான் வினோஜன். "நீங்கள் இவ்வளவு திருத்தமாச் செய்த மேடைக்குத் தன்னால அவமானம் வந்திட்டுதாம். மன்னிப்புக் கேக்கிறார்."

நிஷிமுராவும் ஏதோ சொன்னார். யோஷிகோ ஆங்கிலத்தில் சொல்லும்போது அவள் குரல் தடுமாறியது. வினோஜனும் தயங்கித்தான் சொன்னான். "ஆட்டத்துக்க அந்தத் தூண் தள்ளி நிக்கிற மாதிரி இவருக்குத் தெரிஞ்சதாம். வயசு போன கண், வெளிச்சத்தில அப்பிடித் தெரியுது எண்டு நினைச்சுப் பேசாம இருந்திட்டாராம். அளந்து பாத்தா எல்லாம் சரி. இனித் தன்ர கண்ணை நம்பேலாதாம். இண்டையோட மேடையில இருக்கிறதை விடுறாராம்."

 எட்டாவது வயதில் ஏறிய மேடையை இந்த மனுஷர் விடுகிறார். தன் கண் பொய் சொல்கிறது என்று சொல்கிறார். அந்தக் கண் உள்ளதைத்தான் பார்த்தது. பொய் சொன்னது அம்மையப்பனின் கை. வரிசையில் கோடியில் நின்ற கலீல் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"வினோஜா, நான் சொல்றதை அப்படியே சொல்லு தம்பி. தூணை நான்தான் ரெண்டடி தள்ளி வச்சேன். விழுந்த பொறவு நான்தான் திரும்பக் கொண்டாந்து வச்சேன்."

வினோஜன் அவனை வெறித்துப் பார்த்தான். குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அண்ணை, உங்களுக்கென்ன விசரே? பேசாம இருங்கோ."

"சொல்லுடா தம்பி."

வினோஜன் யோஷிகோவிடம் திரும்பி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் சொன்னான். யோஷிகோ புன்னகைத்தாள். நிஷிமுரா அம்மையப்பனைப் பார்த்து மெல்லத் தலை தாழ்த்தினார். குற்றத்தைக் கேட்ட முகம் இல்லை அது. ஆறுதல் கேட்ட முகம். பையன் வேறு எதையோ சொல்லிவிட்டான் என்று அம்மையப்பனுக்குப் புரிந்தது.

அவன் வரிசையை விட்டு வெளியே வந்தான். பெரியவரின் சட்டைக் கையைப் பிடித்தான். யாரும் தடுப்பதற்குள் மேடையின் இடப்பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், தரை விரிப்பைக் காட்டினான். தூணைத் தாங்கிய பெட்டியின் நான்கு முனைகளும் விரிப்பில் பதிந்த தடம் அழியாமல் கிடந்தது. டேப்பை இழுத்துத் தூணிலிருந்து தடம் வரை வைத்தான். இரண்டடி. தன் நெஞ்சைத் தொட்டான். இரண்டு கையாலும் தூணைத் தூக்கி அங்கே வைப்பதுபோலக் காட்டினான். விழுந்ததைக் காட்டினான். திரும்பக் கொண்டுவந்ததைக் காட்டினான். மறுபடி நெஞ்சைத் தொட்டான்.

நிஷிமுரா மண்டியிட்டுத் தடத்தை விரலால் தடவினார். நிமிர்ந்து தூணைப் பார்த்தார்.  கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்தத் தடவை வினோஜன் மாற்றாமல் சொன்னான். "ஏன் என்னட்டைச் சொல்லேல்லை எண்டு கேக்கிறார். ஒரு சொல் சொல்லியிருந்தா இரண்டு அடி குறைச்சு ஆடியிருப்பினமாம். அவ்வளவுதானாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அந்த 'அவ்வளவுதான்' தாங்க முடியவில்லை. குனிந்து டேப்பைச் சுருட்டினான். தொகாஷி தூரத்திலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அருகே வரவில்லை. போகும்போதும் அம்மையப்பன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நிஷிமுராவின் நடை மாறியிருந்தது. குவைத்தில் அடுத்த காட்சியைத் தொகாஷிக்குப் பதில் அவரே ஆடினார் என்று யோஷிகோ எழுதியிருந்ததாக வினோஜன் பிறகு சொன்னான். தொகாஷியின் விசிறி பிடிக்கும் கை பழையபடி வருமா என்று அதில் எழுதவில்லை.

விசாரணை வந்தது. யார் சொல்லி நகர்த்தினாய் என்று கம்பெனியில் கேட்டார்கள். அம்மையப்பன் தன் பெயரை மட்டும்தான் சொன்னான். ஆனால் போர்மேன் உத்தரவில்லாமல் ஒரு ஆசாரி தூணை நகர்த்துவானா? கலீல் பாயைக் கேட்டபோது அவர் மேனேஜரின் பெயரைச் சொன்னார். மேனேஜர் தான் அப்படிச் சொல்லவே இல்லை என்றார். எழுத்தில் எதுவும் இல்லை. பத்து நாளில் கலீல் பாய்க்கு விசா கேன்சல். அம்மையப்பனை மேடை வேலையிலிருந்து எடுத்து, கட்டட சைட்டில் பலகை அடிக்கப் போட்டார்கள். நல்ல ஆசாரி கிடைப்பது கஷ்டம் என்பதால் அவனை அனுப்பவில்லை.

பாய் ஊருக்குப் போகிற வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த பிறகு அம்மையப்பன் அவர் ரூமுக்குப் போனான். பாய் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இவனைப் பார்த்தும் கையை நிறுத்தவில்லை.

"வா ஆசாரி. உக்காரு."

அவன் உட்காரவில்லை. "உங்க பேரை நான் சொல்லலே பாய்."

"தெரியும். சொல்ல வேண்டிய தேவையில்லையே." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார். "அந்தப் பெரியவர் அழாத குறையா நின்னாரே, அப்போ எனக்கும் நெஞ்சு அடைச்சுதான் கெடந்துச்சு. நான் வாயைத் திறக்கல. நீ திறந்துட்ட. செஞ்சது சரிதான்."

"மன்னிச்சுக்கங்க பாய்."

"சரியான காரியத்துக்கு எதுக்கு மன்னிப்பு? ஆனா ஒண்ணு. சொல்லப் போறேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானே முன்னால வந்து சொல்லியிருப்பேனோ என்னமோ. இப்போ ஊருல பொஞ்சாதி ஜுலைஹா கேட்டா, மாட்டிக்கிட்டேன்னுதான் சொல்ல முடியும்."

 வண்டி வந்து ஆரன் அடித்தது. அம்மையப்பன் பெட்டியைத் தூக்கப் போனான். பாய் தடுக்கவில்லை. நான்கு மாடியும் பெட்டியைத் தலையில் வைத்து இறக்கி, வண்டியின் பின்னால் ஏற்றி, கதவைச் சாத்தினான். கலீல் பாய் முன்சீட்டில் ஏறி, ஜன்னல் வழியாக அவன் தோளை ஒரு தடவை தொட்டுவிட்டு, டிரைவரிடம் போகலாம் என்றார். அம்மையப்பன் வெயிலில் நின்றான். அன்று அவனுக்கு லீவு. போக வேண்டிய இடம் எதுவும் இல்லை.