வைஸில் மாட்டிய ஏர் ரைபிள்

புது ஏர் ரைபிளில் நான் சுட்ட முதல் குண்டு அட்டையில் படவே இல்லை. இரண்டாவது பட்டது, ஆனால் பக்கத்து அட்டையில். மூன்றாவது எங்கே போனது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"அண்ணி, பேசாம குண்டு போற பக்கமா நாம அட்டையைத் தூக்கிட்டு ஓடலாமா?" என்றான் கொழுந்தன். மாடியில் குடியிருக்கிறான். இந்த மாதிரி நேரங்களில் மட்டும் கூப்பிடாமலே கீழே வந்துவிடுவான்.

"சிரிக்கிறவங்களுக்கு இன்னைக்குக் காபி கிடையாது," என்றேன். அதற்கும் சிரித்தான்.

நான் சுட்டுக்கொண்டிருந்தது என் வீட்டுக்காரரின் லேத் பட்டறையில். வீட்டின் கீழ்த்தளம் முழுவதும் பட்டறைதான். கடைசிச் சுவரோரம் தடித்த இரும்புத் தகடு, அதன் முன்னால் மணல் நிரப்பிய மரப்பெட்டி, அதன்மேல் வரிசையாக அட்டைகள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வேறு யாரும் உள்ளே வர மாட்டார்கள். வந்தாலும் அன்று பாதுகாப்பான இடம் அட்டைக்கு நேர் முன்னால்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரை எடுத்துக் கொடுப்பவள் நான். கூட வேலை பார்ப்பவள் ஒருநாள் வேடிக்கை பார்க்க வா என்று ரைபிள் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் ஒரு மாதத்தில் நின்றுவிட்டாள், நான் நிற்கவில்லை. கிளப்பில் இருந்த துப்பாக்கிகள் உருளையில் காற்றை அடைத்துச் சுடுபவை. ஆடாது, அசையாது. அவற்றில் நான் நன்றாகவே சுட்டேன். ஆனால் வரப்போகிற கிளப் போட்டி ஸ்பிரிங் துப்பாக்கிக்கு மட்டும். குழலை மடக்கி ஸ்பிரிங்கை அழுத்திவிட்டுச் சுட வேண்டும். அவரவர் துப்பாக்கியை அவரவரே கொண்டுவர வேண்டும். பெண்கள் அணியில் பாக்கி இருந்தது ஒரே இடம். அதற்கு இரண்டு பேர்: நானும், எங்கள் கிளப்பின் கண்ணாடி டீச்சரும். அடுத்த ஞாயிறு தேர்வு.

எனக்கு அந்த இடம் வேண்டும். வெளியே கேட்டால் "கிடைச்சா பார்ப்போம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் சும்மா. பள்ளியில் ஓட்டப்பந்தயத்திலிருந்து வேலையில் பதவி உயர்வு வரை எல்லாவற்றிலும் அடுத்த ஆளுக்குக் கைதட்டியே பழகியவள். இந்த ஒரு முறை எனக்காக யாராவது கைதட்ட வேண்டும் என்று வெறியாக இருந்தது.

"துப்பாக்கி புதுசு. உள்ளே ஏதோ லூஸா இருக்கு," என்றார் வீட்டுக்காரர். உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அவருக்குக் காரணம் ஒன்றுதான். அது லூஸாக இருக்கிறது, இறுக்கினால் சரியாகிவிடும். எங்கள் வீட்டு ஊறுகாய் பாட்டிலை அவர் மூடினால் திறக்கவும் அவரேதான் வர வேண்டும்.

ஆனால் மனிதர் சளைக்கவில்லை. சுடும்போது குழலில் கொஞ்சம் புகை வந்தது, கருகல் வாடையும் அடித்தது. தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் எரிகிறது என்று கண்டுபிடித்து, துணியைச் சுருட்டிக் குழலுக்குள் விட்டு விட்டு இழுத்தார். மூன்று துணிகள் கறுத்து வெளியே வந்தன. புகை நின்றது. அப்புறம் மரக்கட்டையையும் இரும்பையும் சேர்க்கிற திருகுகளைப் பார்த்தார். அவை நிஜமாகவே லூஸாக இருந்தன. "நான் சொல்லல?" என்று வெற்றிச் சிரிப்போடு முடுக்கினார். தட்டு அகலத்துக்குச் சிதறிய ஓட்டைகள் சாஸர் அகலத்துக்கு வந்தன. அதற்குமேல் வருவேனா என்று அடம்பிடித்தன. கனமான ஈயக்குண்டு, லேசான குண்டு, கூர் மூக்கு, உருண்டை மூக்கு என்று வாரம் முழுக்க மாற்றிப் பார்த்தோம். சாஸர் சாஸராகவே இருந்தது.

"நீ கெட்டியாப் பிடிக்கல. நல்லா இறுக்கிப் பிடி," என்றார்.

பிடித்தேன். விரல் வெளுக்கப் பிடித்தேன். இன்னும் மோசமானது.

"அண்ணி கைதான் நடுங்குதோ என்னவோ," என்றான் கொழுந்தன், மாடிப்படியில் பாதுகாப்பான தூரத்தில் நின்றுகொண்டு. அவன் விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் சுருக்கென்று பட்டது. எனக்கும் உள்ளுக்குள் அதே சந்தேகம்தானே.

வீட்டுக்காரர் அவனை முறைத்தார். பிறகு என் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினார். இரும்புத் துண்டுகளைக் கவ்விப் பிடித்து ராவுவதற்கு மேசையில் பொருத்தியிருக்கும் வைஸில் அதை வைத்து, கட்டைக்கு இரண்டு பக்கமும் தோல் கொடுத்து, கைப்பிடியை நெருக்கித் திருகினார். யானை வந்து இழுத்தாலும் அசையாது. "இப்போ கையும் கிடையாது, நடுக்கமும் கிடையாது. பார்த்துடலாம்," என்று தானே விசையை இழுத்தார்.

ஓட்டைகள் சாஸரைவிட்டு மறுபடி தட்டுக்குப் போயின.

எனக்கு அப்படியே துள்ளிக் குதிக்கலாம் போல இருந்தது. வைஸே தோற்றுவிட்டதே! அப்படியானால் குறை என் கையில் இல்லை, துப்பாக்கியில்தான். அந்த வைஸுக்கு ஒரு மாலை போட்டிருப்பேன். அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்ததும் இருவரும் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, சண்டைக்குத் தயாராக, அதை வாங்கிய கடைக்குப் போனோம்.

கடைக்காரர் காதில் செருகிய போனில் யாரிடமோ வீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். எங்கள் புகாரைக் கையசைவிலேயே கேட்டுக்கொண்டு, கடைக்குப் பின்னால் சுட்டுப் பார்க்கிற இடத்துக்கு நடந்தார். "வாஷரை மாத்துன்னு அப்பவே சொன்னேன்ல?" என்று போனிடம் சொல்லிக்கொண்டே சுட்டார். குழலை மடக்கினார், சுட்டார். மடக்கினார், சுட்டார். அட்டையைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டார். ஒன்றின்மேல் ஒன்றாக ஓட்டைகள். ஒரு சட்டைப் பொத்தானால் மூடிவிடலாம்.

"நல்லாத்தானே இருக்கு துப்பாக்கி?" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அந்தப் பரிதாபம்தான் தாங்கவில்லை. டீச்சருக்குக் கைதட்டப் போகிறோம் என்று மனசு தயாராகவே ஆரம்பித்துவிட்டது.

வாசல் வரை வந்தவள் நின்றேன். என் கை நடுங்குகிறது, சரி. வைஸுக்கு என்ன நடுக்கம்? அது ஏன் தோற்றது?

"சார், இன்னொரு தடவை சுடுங்களேன்," என்றேன். இந்த முறை நான் அட்டையைப் பார்க்கவில்லை, அவர் கையைப் பார்த்தேன். இடது உள்ளங்கை விரிந்திருந்தது. துப்பாக்கி அதன்மேல் சும்மா படுத்திருந்தது, ஒரு விரல்கூட மடங்கவில்லை. சுட்டபோது அது துள்ளிப் பின்னால் வந்து மறுபடி படுத்துக்கொண்டது.

"எப்படிப் பிடிக்கிறீங்க?"

"பிடிக்கிறேனா?" அவர் தன் கையையே ஆச்சரியமாகப் பார்த்தார். "பிடிக்கவே இல்லையேம்மா."

"ஒரு தடவை இறுக்கிப் பிடிச்சுச் சுடுங்க, எனக்காக."

சுட்டார். குண்டு தள்ளிப் போனது. "அட!" என்றார். போனில் இருந்தவர் என்ன என்று கேட்டிருக்க வேண்டும், "உன்னை இல்லப்பா," என்றார்.

திரும்பும் வழியெல்லாம் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். உள்ளே ஸ்பிரிங் பாயும்போதே துப்பாக்கி உதறுகிறது, குண்டு அப்போது இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. தன் போக்கில் உதற விட்டால் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதறும். பிடித்து அடக்கினால் பிடிக்குத் தகுந்தபடி ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் முறுக்கிக்கொள்ளும். அவர் கேட்டுக்கொண்டுதான் வந்தார். "பிடிமானம் இல்லாம எந்த வேலை ஒழுங்கா நடக்கும்?" என்று மட்டும் முனகினார்.

சனிக்கிழமை காலையில் உள்ளங்கையை விரித்துச் சுட்டேன். பொத்தான் அளவு வரவில்லை, காசு அளவு வந்தது. கொழுந்தன் மாடிப்படியிலிருந்து இறங்கி வந்து அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி, காபி நானே போடறேன்," என்றான். வீட்டுக்காரர் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "இருந்தாலும் கீழே விழுந்துட்டா?" என்றார்.

ஞாயிறு காலை கிளப்பில் பெட்டியைத் திறந்தேன். துப்பாக்கியின் அடிக்கட்டையில், என் கை படும் இடம் முழுக்க, கறுப்பு ரப்பர் தகடு ஒட்டியிருந்தது. ஓரமெல்லாம் பிசிறில்லாமல் வெட்டி, அவ்வளவு நேர்த்தியாக.

"நழுவிடக் கூடாதுல்ல," என்றார் கூட வந்திருந்த வீட்டுக்காரர், பாராட்டுக்குக் காத்திருக்கும் முகத்தோடு. "நீ தூங்கும்போதே எழுந்து ஒட்டிட்டேன்."

அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். ஆனால் டீச்சர் சுட்டு முடித்திருந்தார். அவர் அட்டை காசு அளவுதான், நான் வீட்டில் சுட்டதைவிடக் கொஞ்சம் சிறியதாகக்கூட இருக்கும். பயிற்சியாளர் என் பெயரைக் கூப்பிட்டார். எங்கள் எல்லாருக்கும் அவர் மேஜர். வாழ்நாள் முழுக்கத் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர், மீசையால் வந்த பட்டம். சும்மா ஒரு குண்டு சுட்டுப் பார்க்கலாம் என்றார். சுட்டேன். ரப்பர் உள்ளங்கையைக் கவ்விக்கொண்டது. குண்டு ஓரத்துக்குப் போனது.

ரப்பரைப் பிய்க்க வழியில்லை. வீட்டுக்காரரின் பட்டறைப் பசையைப் பற்றி எனக்குத் தெரியும், பிய்த்தால் கட்டையும் கூடவே வரும். கைக்கும் ரப்பருக்கும் நடுவில் வழுவழுப்பாக ஏதாவது வேண்டும்.

"மேஜர் சார், கையுறை போட்டுக்கலாமா?"

"தாராளமா."

என்னிடம் கையுறை இல்லை. திரும்பி, "என்னங்க, சாக்ஸைக் கழட்டுங்க," என்றேன்.

"எதுக்கு?"

"கழட்டுங்கன்னா!"

அத்தனை பேர் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, பளபளவென்ற நைலான் சாக்ஸை உருவிக் கொடுத்தார். "துவைச்சதுதான்," என்று டீச்சரிடம் தேவையில்லாமல் உறுதி வேறு சொன்னார். அதைக் கையில் மாட்டிக்கொண்டு உள்ளங்கையை விரித்தேன். துப்பாக்கி படுத்தது. ரப்பர் சாக்ஸின்மேல் வழுக்கியது. விசையைத் தொட்டேன், துள்ளியது, விட்டேன். மறுபடி துள்ளியது, மறுபடி விட்டேன். கடைசிக் குண்டு வரை ஒரு விரல்கூட மடக்கவில்லை. விழுந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயந்தேன். விழவில்லை.

மேஜர் அட்டையை எடுத்துவந்தார். தன் சட்டைப் பொத்தானை அதன்மேல் வைத்துப் பார்த்தார். ஓட்டை எதுவும் தெரியவில்லை.

"இடம் உங்களுக்குத்தான்மா," என்றார்.

முதலில் கைதட்டியது டீச்சர். அப்புறம் எல்லாரும். ஒரு கையில் சாக்ஸோடு நின்றபடி அழுதேன். வெட்கமாக இல்லை.

வீட்டுக்காரர் ஒற்றை ஷூவோடு டக், டக் என்று நடந்து வந்தார். சாக்ஸ் மாட்டிய என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பற்றினார். லேத் பிடித்த கை, எலும்பு நெரிந்தது.

"வலிக்குதா? விட்டுடவா?" என்றார்.

"இதை விடாதீங்க," என்றேன்.