ஆர்னிஷ் துறை

"ஐயா, அந்தக் காகிதக் கட்டைக் கீழ வெச்சிட்டுத் தண்ணிய மொண்டு ஊத்துங்க. இல்லேன்னா அதை மீனுங்கதான் படிக்கும்."

"மாட்டேன்மா. இதுக்குள்ள ஒருத்தன் கழுத்து இருக்கு."

முப்பத்தோரு வருடங்களுக்கு முன், ஆர்னிஷ் துறையில், காற்று படகைப் புரட்டப் பார்த்தபோது நானும் கில்பர்ட்டும் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் இவை. அப்போது அவர் வழக்கே கிடைக்காத இளம் வக்கீல். மறுநாள் காலை இன்வர்னெஸ் நீதிமன்றத்தில் ஒரு கொலை வழக்கு. இந்தக் காற்றில் அக்கரைக்குப் படகு விட முடியாதென்று மற்ற துறைகளில் எல்லோரும் கையை விரித்துவிட்டார்கள். என் அப்பா மட்டும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "எல்ஸ்பெத், நீ ஒரு துடுப்பைப் பிடி" என்றார். அந்த மனிதன் தூக்கிலிருந்து தப்பினான். கில்பர்ட்டின் பெயர் தலைநகர் எடின்பரோ வரை போனது. மூன்றாம் மாதம் அக்கரையில் ஒரு வேலையும் இல்லாமலேயே வந்தார்; அக்கரை போய், இறங்காமல் அதே படகில் திரும்பினார். அப்பாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

கட்டிக்கொண்ட நாளிலிருந்து கில்பர்ட்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. நாடாளுமன்ற உறுப்பினராக லண்டனில் இருந்த பதினான்கு ஆண்டுகளும் தினம் ஒரு கடிதம் வந்தது. தேர்தல் மேடையில் அழுகிய முட்டை வாங்கியதைக்கூட எனக்குச் சிரிப்பு வரும்படிதான் எழுதுவார். எங்கள் மகள் விஷக்காய்ச்சலில் கிடந்தபோது, கையிலிருந்த மசோதாவை அப்படியே போட்டுவிட்டு ரயிலேறி வந்து, பதினோரு நாள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். இப்படிப்பட்டவரிடம் இன்னும் ஒன்று கேட்பது பேராசை என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விருந்துகளில் அந்தப் படகுக் கதையை அவர் சொல்வதுண்டு. "வடக்கே ஏதோ ஒரு துறை," என்பார். "ஒரு படகுக்காரன், அவன் பொண்ணு." மேசையின் மறுமுனையில் பட்டுடுத்தி நான் சூப் பரிமாறிக்கொண்டிருப்பேன். படகுக்காரன் மகளைக் கட்டியவருக்கு ஓட்டு விழாது என்று கட்சிக்காரர்கள் முதல் தேர்தலில் எச்சரித்திருந்தார்கள். அதனால் மறைக்கத் தொடங்கினார்; பிறகு அதுவே பழகிவிட்டது. நாலு பேர் நடுவே ஒருமுறையாவது எங்கள் துறையின் பெயர் அவரோடு சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

இந்த வசந்தத்தில் அவரை நீதிபதியாக்கினார்கள். எங்கள் நாட்டு வழக்கப்படி, பெரிய நீதிமன்றத்தில் அமர்கிறவர் பெரும்பாலும் தன் நிலத்தின் பெயராலோ தான் தேர்ந்த ஓர் இடத்தின் பெயராலோ லார்ட் இன்னார் என்று அழைக்கப்படுவார். மனைவிக்கு அதில் பங்கில்லை. நான் சாகும்வரை திருமதி மெல்ட்ரம்தான். கில்பர்ட்டுக்கோ நிலமே இல்லை. தன் பண்ணையான பிட்கெர்ரியின் பெயரை வைத்துக்கொள்ளும்படி அவருடைய அண்ணன் எழுதியிருந்தார். மறுத்தால் அந்த மனிதர் பிறகு எங்கள் வாசல்படி மிதிக்கமாட்டார்.

பெயரை எழுதி வாங்கிப்போக நீதிமன்ற எழுத்தர் டாட்ஸ் கீழே கூடத்தில் காத்திருந்தார்.

"லார்ட் பிட்கெர்ரி," என்று கில்பர்ட் கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தார். சிவப்புச் சிலுவைகள் தைத்த புது அங்கி ஒரு தோளில் சரிந்தது. "எப்படி இருக்கு?"

"யாரோ கனமான ஆளு மாடிப்படி ஏறி வர்ற மாதிரி இருக்கு."

"கனமாத்தானே இருக்கேன்!" என்று சிரித்தார். "இனிமே வெளியூர் போனா வம்புதான், எல்ஸ்பெத். லார்ட் பிட்கெர்ரியும் திருமதி மெல்ட்ரமும்னு எழுதினா, விடுதிக்காரி நம்மளை ஒரு மாதிரி பார்த்துட்டு ரெண்டு தனி அறை தருவா."

"தரட்டும். குறட்டை கேக்காம தூங்குவேன்."

அங்கியை இழுத்துச் சரிசெய்தேன். அவர் உட்கார்ந்து பேனாவை மையில் தோய்த்தார். கீழே டாட்ஸ் மரியாதையாக இருமினார். 'லார்ட்' என்று எழுதி முடித்து, பேனா அடுத்த சொல்லுக்கு நகர்ந்தது. அந்த வெற்றிடத்தின்மேல் என் உள்ளங்கையை வைத்தேன். பேனா நின்றது. ஒரு துளி மை என் விரலில் விழுந்து மெல்லப் பரவியது.

"என்ன எல்ஸ்பெத்?"

கையை எடுக்காமலே சொன்னேன்.

"நீங்க எனக்கு எல்லாமே குடுத்திருக்கீங்க, கில்பர்ட். இன்னும் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க அண்ணன் பண்ணைப் பேரு வேணாம். ஆர்னிஷ்னு எழுதுங்க."