ரசலையன் வீட்டுக்குள் ஓடிய ஓடை

2019 ஜூன் பதினாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு, திற்பரப்புக்கு மேற்கே புளியன்விளையில், ரசலையன் வீட்டு முன்னறையில் ஓர் ஓடை ஓடத் தொடங்கியது. பின்வாசல் படிகளில் ஏறி வந்து, சோபாவுக்கு அடியில் நுழைந்து, முன்வாசல் படிகளில் இறங்கிப் போனது. இரண்டு முழ அகலம், கணுக்கால் ஆழம், நல்ல தெளிந்த தண்ணீர். அடுக்களையிலிருந்து ஒரு சிறு ஓடை வந்து அதில் சேர்ந்தது. அந்தச் சிறு ஓடையில் அரிசிப் பானையைச் சுற்றிவந்த இன்னொன்று சேர்ந்தது. அதிலும் ஒரு நூல் தண்ணீர் சேர்ந்தது, அது ரசலையனின் இடது செருப்புக்குள் ஊறியது. குவைத்தில் பதினேழு வருஷம் ஏசி மெக்கானிக்காக வெந்து, ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய வீடு அது. மனைவி குளோரிதான் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டாள் என்று ரசலையன் அரைமணி நேரம் சத்தம் போட்டார். பிறகு தண்ணீரில் ஒரு கெண்டைக்குஞ்சு போவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் ஊரே வந்து கால் நனைத்தது. மூன்றாம் நாள் அரசாங்கம் வந்தது. ஓடை ஓடினால் அது புறம்போக்கு, புறம்போக்கில் வீடு நின்றால் ஆக்கிரமிப்பு, ஆக்கிரமிப்பை முப்பது நாளில் இடிக்க வேண்டும். வீடு முந்தியா ஓடை முந்தியா என்று கேட்க அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. வந்த அதிகாரி தப்பானவர் இல்லை, பாவம். பேண்டை முட்டுவரை மடித்துவிட்டு, சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு, கட்டன்சாயா குடித்துவிட்டுப் போனார்.

இத்தனைக்கும் காரணம் ஜெப்சி. நிலவியல் ஆராய்ச்சி மாணவி, ஆறாவது வருஷம். ஆற்றின் ஒரு கிளையைப் பெரிதாக்கிப் பார்த்தால் முழு ஆறும் தெரியும், அதில் ஓர் ஓடையைப் பெரிதாக்கினால் மறுபடியும் முழு ஆறு. மொத்தத்தையும் ஓர் எண்ணில் அடக்கிவிடலாம். ஓடைகளின் வரைபடத்தில் கட்டம் போட்டு, தண்ணீர் தொடும் கட்டங்களை எண்ண வேண்டும், கட்டத்தைச் சிறிதாக்கி மறுபடி எண்ண வேண்டும், கண் பூத்துப்போகும்வரை. அடியில் பாறை நகர்ந்து நிலம் மேலெழும் இடத்தில் ஓடைகள் சரியாகக் கிளைவிடுவதில்லை, எண் குறைந்துவிடும். மற்ற இடங்களிலெல்லாம் ஒன்று புள்ளி ஏழு வந்தது. புளியன்விளையில் மட்டும் ஒன்று புள்ளி ஐந்து. பேராசிரியர், அங்கெல்லாம் நிலம் எழாது என்று காகிதத்தைத் திருப்பித் தந்து, எண்ணத் தெரியாத உனக்கெல்லாம் எதற்கு ஆராய்ச்சி என்றார். அவள் அப்பா ராஜமணியோ அதற்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டார். நம் ஊரில் பெயரைவிடப் பட்டம் நீளமாக இருந்தால்தான் அது பத்திரிகை. மகள் பெயருக்குப் பின்னால் பி.எச்டி. என்று தங்க எழுத்தில் எழுநூறு பிரதி. ஆகஸ்டில் கல்யாணம். ஜெப்சி என்ன செய்வாள்? வரைபடத்தில் சும்மா கிடந்த இடத்தில் பென்சிலால் ஓர் ஓடையை வரைந்தாள். ஓடை என்றால் கிளை வேண்டும், கிளைக்குக் கிளை வேண்டும். எண் ஒன்று புள்ளி ஏழைத் தொடும்வரை வரைந்தாள். மறுநாள் காலை பூமி அதைக் கேட்டுக்கொண்டது.

விஷயம் காதுக்கு வந்ததும் வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். சுவரில் நோட்டீஸைப் பார்த்தவுடன் அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னாள்.

"எனக்க வீடு நிக்கியது உனக்குத் தெரியல்லியா மக்கா?" என்றார் ரசலையன்.

"மேப்புல வெறும் ரப்பர்தான் மாமா கெடந்து. எழுபத்திரண்டுல போட்ட மேப்பு."

"எழுபத்திரண்டுல நானே கெடயாது!"

"ஏட்டி, கோடு போடுறதுக்கு முன்ன ஒரு வார்த்த கேக்கண்டாமா?" என்று குளோரி கரண்டியோடு வந்தாள்.

ஜெப்சி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அழித்தாள். முதலில் செருப்பு காய்ந்தது, பிறகு அரிசிப் பானை, பிறகு அடுக்களை. பெரிய ஓடைக்கு வந்ததும் கை நின்றது. அந்த ஒரு கோட்டில்தான் ஆறு வருஷமும் எழுநூறு பத்திரிகையும் இருந்தன. வீட்டைக் கட்டியவர் எதிரே, மடித்த லுங்கியோடு நின்றார். அவர் திட்டியிருந்தால்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பாள். கண்ணை மூடிக்கொண்டு அழித்தாள். தரையில் கெண்டைக்குஞ்சு துள்ளியது. குளோரி அதைக் கிணற்றில் விட்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டே வாசலில் இறங்கியவளிடம் ரசலையன் சொன்னார். "பாத்து எறங்கு மக்கா. வீடு கெட்டும்போ ஒரு படிதான் இருந்து. வாசலு எட்டாம வருசம் ஒரு படி கெட்டுகேன், இப்போ ஆறு. மேஸ்திரி நல்லா ஏமாத்திட்டான்."

ஜெப்சி நாலாவது படியில் நின்றாள். திரும்பிப் படிகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பிறகு, சொல்லவே வெட்கம், அந்தப் படியிலேயே உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள். எண்ணத் தெரியாதவள் அவள் இல்லை. எண்ணும் தப்பில்லை, மேஸ்திரியும் தப்பில்லை.

பேராசிரியர் லேசில் நம்பவில்லை. இன்னும் மூன்று படி வரட்டும், பார்க்கலாம் என்றார். எழுநூறு பத்திரிகையிலும் ஜெப்சியே பேனாவால் பட்டத்தை அடித்தாள். மாப்பிள்ளை ஜெஸ்பின், "எனக்க பேர அடிக்காம விட்டியே, அது போதும்" என்றான். 2022இல் வீடு ஒன்பதாவது படிக்கு வந்தது, அவளுக்குப் பட்டமும் வந்தது. அந்தப் படிக்கு மட்டும் ரசலையன் மயிலாடியிலிருந்து கருங்கல் வரவழைத்து, டாக்டர் ஜெப்சி, பி.எச்டி. என்று கொத்தவைத்தார். ஓடை வற்றினாலும் கோப்பு வற்றவில்லை. அதிகாரி வருஷம் தவறாமல் வருகிறார். ஜெப்சியின் பெயரை மிதிக்காமல் தாண்டி மேலே ஏறி, கட்டன்சாயா குடித்து, ஓடையைக் காணவில்லை என்று எழுதிவிட்டு, வாசலில் நின்று கொஞ்ச நேரம் கடலைப் பார்க்கிறார். போன வருஷம்வரை அங்கிருந்து கடல் தெரியாது.